லோ வோல்டேஜ்

சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடுவது என்று போன மார்கழியில் முடிவாயிற்று. வாங்க வந்தவர் சென்னைக்காரர், பழைய வால்வுப் பெட்டிகளைச் சேகரிப்பவர். புகைப்படத்தைப் பார்த்தே 60,000 ரூபாய் சொன்னார். சித்தப்பாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி வைக்க 62,000 ஆகும் என்று காது டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாயிரம்தான் துண்டு விழுந்தது. ஒரு கணக்கு இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தி வந்தால் அதைச் சந்தேகிப்பது என் பழக்கம். ஆனால் இதில் சந்தேகிக்க எதுவும் இருக்கவில்லை. குழாய் ஸ்பீக்கர்களுக்கு அடியில் முப்பத்தைந்து வருஷம் நின்ற காது அது. அதைக் கெடுத்த பெட்டியே அதற்கு வைத்தியச் செலவும் தருகிறது, அவ்வளவுதான்.

என் தங்கை மகன்தான் தடுத்தான். தடுத்தான் என்பதுகூடச் சரியில்லை, இரண்டு வாரம் தவணை கேட்டான். "மாமா, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேப்ச்சர் பண்ணிக்கறேன். அப்புறம் யார் வேணா எடுத்துட்டுப் போவட்டும்" என்றான். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்கு ஆலையில் மின்பராமரிப்பு பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பட்டில் ஒரு சபையில் கிடார் வாசிக்கிறான். அவனிடம் ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று கிடையாது. செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி வைத்திருக்கிறான், காலால் மிதித்தால் உலகத்தின் எந்த ஆம்ப்ளிஃபயர் மாதிரியும் அது பேசும். லண்டன் மாதிரி, கலிஃபோர்னியா மாதிரி. அந்தப் பட்டியலில் வள்ளூர் மாதிரி ஒன்று சேர வேண்டும் என்பது அவன் ஆசை.

எனக்கு அந்த ஆசை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்ததில் இந்தக் கட்டுரை வந்தது.

பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிற இரும்புத் தகடு, மேலே காற்றுத் துளைகள். முன்புறம் இரண்டு மைக்குக்கும் ஒரு கிராமபோனுக்கும் மூன்று திருகுகள், ஓசையின் தன்மையை மாற்ற இன்னொன்று. உள்ளே இரண்டு ஈஎல்34 வால்வு, மூன்று சின்ன வால்வு, நேர்மின்சாரமாக மாற்ற ஒரு தடித்த வால்வு. பின்னால் 4, 8, 16 ஓம் என்று ஸ்பீக்கருக்கான முனைகள், தூரத்துக் குழாய்களுக்கு 100 வோல்ட் முனை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். சித்தப்பா அதை 1968இல் மூர் மார்க்கெட்டில் பழைய சரக்காக வாங்கினார். அப்போது இருந்த வால்வுகள் ஜெர்மன். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகளைப் போட்டுப் பார்த்தார். அந்தக் கம்பெனி 1961 முதல் வால்வு செய்துவந்தது. நம் ஊர் ரேடியோக்களில் பாதி அதன் புண்ணியத்தில்தான் பாடின. ஆனால் கல்யாணத்துக்கு பெங்களூர் வால்வு, திருவிழாவுக்கு ஜெர்மன் வால்வு என்று அவரிடம் ஒரு ஜாதி ஏற்பாடு இருந்தது. சாவுக்கு எதைப் போடுவார் என்று கேட்டதில்லை.

மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, பொன்னேரி வரைக்கும் அவர் ரேடியோ செட் போகும். மைக்செட் என்று சொல்கிறவர்கள் பிற்காலத்தவர்கள். தேச அளவில் இந்தத் தொழிலுக்கு ஒரு கௌரவமான சரித்திரம் உண்டு. காங்கிரஸ் மகாநாடுகளில் காந்தியின் மெலிந்த குரலை மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனது மோத்வானேயின் சிகாகோ ரேடியோ ஒலிபெருக்கிகள். வள்ளூரில் சித்தப்பா கொண்டுபோனது ஆடிமாசக் கூழ் அறிவிப்பையும் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தையும்தான். வால்வுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

1983-84 வாக்கில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். பேர் வேண்டாம், இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்னிடம் கல்கத்தாவில் செய்த ஒரு கிவ்சன் கிடார் இருந்தது. பிரசித்தமான அமெரிக்கப் பெயருக்கும் அதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பிறகு கிடார் வைத்திருந்த எவனும் தப்பிக்க முடியாது, அந்தப் பாட்டின் ஆரம்பத்தை வாசித்துக் காட்டியாக வேண்டும். எனக்கு முக்கால்வாசி வரும். கிடாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கும் வசதி எங்கள் ஐந்து பேரின் வம்சத்திலும் இல்லை. சித்தப்பாவின் இரண்டாவது மைக் துவாரத்தில் செருகினேன். முதல் துவாரத்தில் பாடகன்.

அந்தச் சத்தத்தை நான் பிற்பாடு எங்கும் கேட்டதில்லை என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம், கடிதங்களில், ஒரு கவிதையில்கூட. தந்தியை மெல்லத் தொட்டால் வெள்ளையாக வரும். அழுத்தினால் ஓரம் பழுத்துச் சிவக்கும். ஓங்கி அடித்தால் சத்தம் பெரிதாவதற்குப் பதில் உள்ளே சுருங்கும், பிறகு மெள்ள மேலெழும். அடிபட்டவன் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுவது போல. இதை 'வால்வின் ஆத்மா' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஆத்மா என்று எழுதினால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

விஷயம் அவ்வளவு சூட்சுமமானதல்ல. வால்வு என்பது காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு இழை சூடாகி அடுத்துள்ள உலோகக் குழலைக் காய்ச்சுகிறது. காய்ந்த உலோகம் எலெக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவை 400 வோல்ட் வைத்திருக்கும் தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவே ஒரு கம்பிவலை. வலைக்குக் கொடுக்கும் சிறு அசைவு அந்த ஓட்டத்தைப் பெரிதாக அசைக்கிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அந்த வலையை நடுவே செருகினார், அதன் பிறகுதான் பெருக்கம் என்பது சாத்தியமாயிற்று. சக்திக்கு மேல் கேட்டால் டிரான்ஸிஸ்டர் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். மழுக்கும்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. காதுக்கு அது பிடிக்கிறது. பொறியாளர்கள் இதைக் குறை என்றுதான் பாடப்புத்தகத்தில் எழுதினார்கள், கிடார்க்காரர்கள் புத்தகம் படிக்கவில்லை.

ஆனால் அந்தச் சுருக்கம், அந்த மௌனம், அது வால்விலிருந்து மட்டும் வரவில்லை. எங்கள் தெரு மின்கம்பியின் கடைசித் தெரு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீண்டு வரும் மெல்லிய கம்பியில் வழியெல்லாம் இழந்து, மாலை ஏழு மணிக்கு வீடு வந்து சேரும்போது 230 இருக்கவேண்டியது 180 இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இழைக்கு 6.3 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 4.9 போகும். தகட்டில் 400 இருக்கவேண்டிய இடத்தில் 310 சொச்சம். பெட்டி அரைப் பட்டினியில் ஓடியது. பாடகன் உச்சத்தில் நீட்டும்போது நான் ஒரு கார்டை அடித்தால், இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க அதனிடம் கையிருப்பு இல்லை. முதலில் தாழ்ந்து, பிறகு சேர்த்துக்கொண்டு கொடுத்தது. நான் ஆத்மா என்று நினைத்தது இதைத்தான்.

ஏறக்குறைய அதே வருஷங்களில் கலிஃபோர்னியாவில் எடி வான் ஹேலன் என்ற வாலிபர் தன் மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு கருவியை வேண்டுமென்றே வைத்து வாசித்தார். 1978இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டிலிருந்து அந்தச் சத்தத்தை உலகம் முழுக்கக் காப்பியடிக்கிறார்கள். அவர் காசு கொடுத்துக் குறைத்த வோல்டேஜ் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

இன்னொன்றும் கிடைத்தது. வால்வுப் பெட்டி சும்மா இருக்கும்போது ஒரு 'ம்' சொல்லிக்கொண்டிருக்கும். மின்சாரத்தின் ஐம்பது துடிப்பும் அதன் இரட்டிப்பான நூறும் அதில் இருக்கும். தென்னிந்திய மின்தொகுப்பில் அப்போது தேவை அதிகமான நேரங்களில் ஐம்பது நிற்காது. 49க்கு வரும், அதற்குக் கீழேயும் போகும். மேற்கத்திய சுரவரிசையில் 49 என்பது சரியாக ஜி. அதன் நான்கு மடங்கு, 196, கிடாரின் மூன்றாவது தந்தி. நான் தந்தியைப் பெட்டியின் 'ம்'முக்குச் சேர்ப்பேன். சுருதிப்பெட்டி வேண்டியதில்லை. ஆர்கன் வாசித்தவன் என்னோடு சண்டைக்கு வருவான், ஏனென்றால் சில ராத்திரி மின்தொகுப்பு இன்னும் இறங்கியிருக்கும், அவன் கட்டைகள் இறங்காது. மாநிலங்களெல்லாம் சேர்ந்து மின்சாரம் போதாமல் தவித்ததை நாங்கள் வள்ளூர் மேடையில் சுருதிபேதமாக அநுபவித்தோம் என்று இப்போது சொல்லலாம். அப்போது தெரியாது.

எனக்குத் தெரியவந்தது 1990களின் நடுவில். கச்சேரி நின்று வெகுநாளாகியிருந்தது. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது, அதோடு ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ஸ்டெபிலைசரும் வந்தது. ஒரு மத்தியானம் யோசனை வந்து பெட்டியை அதில் இணைத்து கிடாரைச் செருகினேன். முழு 230. சத்தம் கெட்டியாக, நேராக, உத்தியோகஸ்தர் மாதிரி வந்து நின்றது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கொடுத்தது. எனக்கு யாரையோ ரயில் நிலையத்தில் தவறாக அடையாளம் கண்டு கையைப் பிடித்துவிட்டது போல் ஆயிற்று. கிடாரை உறையில் போட்டேன். பல வருஷம் எடுக்கவில்லை.

தங்கை மகன் கேட்டது இந்தப் பெட்டியை. அவனுடைய தரப்பை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மாதிரி செய்யும் இந்த வித்தை கிடார்க்காரர்களிடம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. லைன் 6 என்ற அமெரிக்கக் கம்பெனி 1998இல் அவரை விதை போன்ற வடிவில் சிவப்பாக ஒரு சாதனம் விட்டது. அதற்குள் பதினைந்து இருபது ஆம்ப்ளிஃபயர்கள் எண்களாக இருந்தன. ஒரு சர்க்யூட்டின் ஒவ்வொரு பாகமும் என்ன செய்யும் என்று சமன்பாடு எழுதி, அந்தச் சமன்பாடுகளை ஒரு சில்லு நொடிக்குப் பல்லாயிரம் தரம் தீர்த்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. 2011இல் ஜெர்மனியிலிருந்து வந்த கெம்பர் வேறு வழியில் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை, சில ஒலிகளைப் பெட்டிக்குள் அனுப்பி என்ன திரும்பி வருகிறது என்று பார்த்து அதன் குணத்தை எழுதிக்கொள்வது. இப்போது அதே வேலையை நரம்பு வலைப்பின்னல் என்னும் கணினி முறை செய்கிறது. ஸ்டீவன் அட்கின்ஸன் என்பவர் எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஒரு நிரலைத்தான் எங்கள் பையன் உபயோகிக்கிறான். மூன்று நிமிஷ ஒலி ஒன்றைப் பெட்டி வழியாக ஓடவிட வேண்டும். போனதையும் வந்ததையும் கணினியிடம் கொடுத்தால் இரண்டுக்கும் உள்ள உறவை அது கற்றுக்கொள்கிறது. நொடிக்கு 48,000 மாதிரி எடுத்து, மாதிரி ஒன்று செய்து, பெட்டி மாதிரியே பேசுகிறது. தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே வார்த்தை இருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவனுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

"நகல்தானே" என்றேன் முதல் நாள்.

"எது மாமா அசலு?" என்றான். பிறகு அவன் சொன்னது எனக்கு முன்பு தெரியாத விஷயம். லண்டனில் மேளக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தன் ஆட்களைக் கொண்டு செய்த முதல் ஆம்ப்ளிஃபயர், அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்தது. கிட்டத்தட்ட அதே சர்க்யூட். இங்கிலாந்தில் கிடைத்த வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் போட்டதால் சத்தம் கொஞ்சம் விலகிப்போயிற்று. அந்த விலகலுக்குத்தான் மார்ஷல் என்று பேர் வந்தது. ஃபெண்டரின் ஆரம்பகாலச் சர்க்யூட்டுகளும் வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளிலிருந்து எடுத்தவை. "தாத்தா பெட்டியும் ஏதோ வெள்ளக்காரன் புக்குல இருந்து எவனோ எடுத்துச் செஞ்சதுதான்" என்றான். மறுக்க முடியவில்லை.

வேறு ஒரு நியாயமும் அவனிடம் இருந்தது. வால்வு செய்யும் இடங்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ரஷ்யாவில் ஸராதோவ், ஸ்லோவாகியாவில் ஒன்று, சீனாவில் சில. 2022இல் உக்ரைன் யுத்தம் ஆரம்பித்தபோது ரஷ்யச் சரக்கு கொஞ்ச காலம் நின்று விலை எகிறியது. சபையில் வாசிக்கிற ஒரு பையன் இதை நம்பி இருக்க முடியுமா? ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் தன் குணத்தைக் காட்ட வேண்டுமானால் உரக்க வாசிக்க வேண்டும். சபையில் எழுபது பேர், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அவன் பெட்டி கிசுகிசுக்கும்போதும் அதே குணத்தோடு கிசுகிசுக்கிறது. மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

இந்த இடத்தில் நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பதிலாக ஒரு நிபந்தனை போட்டேன். "எடுக்கறதா இருந்தா 180 வோல்ட்ல எடு" என்றேன். அவன் என்னைப் பார்த்த விதத்திலிருந்து முதல்முறையாக நான் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

இன்று வள்ளூரில் 180க்கு எங்கே போவது? வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1994இல் வந்தது. வள்ளூரிலேயே 500 மெகாவாட்டில் மூன்று, 2012இலிருந்து 2015க்குள். இரவில் மாடியில் நின்றால் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. சின்ன வயதில் நாங்கள் பார்த்தது எண்ணூர்ப் புகைபோக்கிகளை மட்டும். 1970இல் ஆரம்பித்த அது 2017இல் மூடப்பட்டுவிட்டது. உப்பளங்களும் கழிமுகமும் சாம்பலை வாங்கிக்கொண்டது வேறு கதை, அதை நான் இங்கே ஒரு வரியில் சொல்லித் தாண்டிப்போவது சரியல்ல என்றும் தெரிகிறது. இப்போது எங்கள் தெருவுக்குப் புதுக் கம்பி, பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர். மீட்டர் வைத்தால் 238 காட்டுகிறது. பையன் சிநேகிதன் ஒருவனின் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு டிம்மர்ஸ்டாட்டைத் தூக்கி வந்தான். உருண்டையாக, செம்புக் கம்பி சுற்றி, மேலே ஒரு திருகு. அதைத் திருப்பி வறுமையை வரவழைக்கலாம்.

அந்த வார்த்தை எழுதும்போது தானாக வந்தது. வந்தபிறகு நின்று பார்க்கிறேன். நான் அத்தனை வருஷம் கனிவு என்று கொண்டாடிய சத்தம் வந்த அதே மாலை ஏழு மணியில் வீட்டுக்குள் ட்யூப்லைட் எரியாது, துடித்துக்கொண்டிருக்கும். நாற்பது வாட் பல்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி தொங்கும். அம்மா அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கினாள். பிற்காலத்தில் கண் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் கரண்டுக்காரனைத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. வெளியே பந்தலில் நான் அதே குறைந்த மின்சாரத்தில் அழகைக் கண்டுகொண்டிருந்தேன். நம் எழுத்தில் இந்தக் காரியம் நிறைய நடந்திருக்கிறது. கஷ்டத்தின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்து அதன் சொரசொரப்பை ரசிப்பது. நானும் செய்திருக்கிறேன். ட்ரெடில் பிரஸ்ஸில் அடித்த பழைய இதழ்களை எடுத்து, காகிதத்தின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்திருப்பதை விரலால் வருடி, ஆஃப்செட்டில் இது வருமா என்று பெருமூச்சு விடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அச்சுக்கோர்த்தவரிடம் கேட்டால் அழுத்தம் சரியாக வைக்கத் தெரியாதவன் அடித்தது என்பார். ஈயத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லுவார்.

எனினும் இதனால் அந்தச் சத்தம் நன்றாயில்லை என்று ஆகிவிடாது. அங்கேதான் சிக்கல். அது நன்றாகத்தான் இருந்தது.

தை மாசம் ஒரு சனிக்கிழமை எடுத்தோம். சித்தப்பா நாற்காலியில். பெட்டியை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், ஆகவே அதற்கு ஒரு போலிச் சுமை, அங்கிருந்து ஒரு கம்பி கணினிக்கு. பையன் டிம்மர்ஸ்டாட்டை 180இல் வைத்தான். வால்வுகள் சோம்பலாகச் சிவந்தன. மூன்று நிமிஷம் ஒரு விநோதமான இரைச்சல் ஓடியது. கணினி ஏதோ கற்றுக்கொள்ள நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறகு பரீட்சை. அதே மர ஸ்பீக்கர், அதே கிடார், சத்த அளவு மீட்டர் வைத்துச் சரிசமம் செய்யப்பட்டது. கொஞ்சம் உரக்கக் கேட்பதையே நல்லது என்று காது சொல்லிவிடும் என்றான், அது உண்மை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இருபது தடவை வாசித்தான். எது வால்வு, எது மாதிரி என்று நான் சொல்ல வேண்டும். பதினொன்று சரி. காசைச் சுண்டியிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

அவமானமாக இருந்தது என்று எழுதுவதில் இப்போது சிரமமில்லை. வாசித்த அவன் மட்டும் ஒரு வித்தியாசம் சொன்னான். முழு கார்டை அடித்துவிட்டு உடனே மறுபடி அடித்தால், பெட்டி இரண்டாவது அடியை முதலடியின் களைப்போடு வாங்குகிறது. நாலைந்து அடி சேர்ந்தால் களைப்பு கூடுகிறது. மாதிரிக்கு ஞாபகம் குறுகியது, ஒவ்வொரு அடியையும் கிட்டத்தட்டப் புதிதாக வாங்குகிறது. திருகுகளை நகர்த்தினாலும் அப்படித்தான். எடுத்தபோது திருகு எங்கே இருந்ததோ அந்த ஒரு நிலைதான் அதற்குத் தெரியும். மற்ற நிலைகளுக்குத் தனித்தனியாக எடுக்க வேண்டும். நான் இருபது வயதில் எழுதிய கவிதைகள் இந்த ஜாதி. அப்போது பேர் பெற்ற ஒருவரின் ஒரு புத்தகத்தின் ஒரு மனநிலையை அச்சாகப் பிடித்திருந்தேன். கேட்டவர்கள் இருபதுக்குப் பதினொன்று சரியாகச் சொல்லியிருப்பார்கள். அவர் பிறகு திருகை நகர்த்திக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார், நான் அங்கேயே இருந்தேன்.

'ம்' மட்டும் வரவில்லை. அது கிடாரிலிருந்து போய்த் திரும்புவதல்ல, பெட்டி தானாகச் சொல்வது. எனவே கணினி அதை உறவில்லாத விஷயம் என்று தள்ளிவிடுகிறது. தனியாகப் பதிவு செய்து பின்னால் ஓடவிடலாம் என்றான் பையன். ஆனால் நிஜப் பெட்டியின் 'ம்'மே இப்போது பழைய 'ம்' இல்லை. தேசம் முழுக்க ஒரே தொகுப்பாகி, துடிப்பு ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. ஜிக்கு மேலே, ஜிக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒரு மூன்றிலொரு பங்கு தள்ளி. டிம்மர்ஸ்டாட் வோல்டேஜைக் குறைக்கும், துடிப்பைக் குறைக்காது. மூன்றாவது தந்தியை அதற்குச் சேர்த்துப் பார்த்தேன். மற்ற ஐந்தும் பிசிறின.

சித்தப்பா அத்தனை நேரமும் பெட்டியின் மேல் தகட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் பரீட்சை கேட்கவில்லை. "சூடு கம்மியா கீது. கரண்ட்டு இல்லியா?" என்றார். வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம் என்று பையன் காதருகே கத்தினான். சித்தப்பா அவனை ஒருமாதிரி பார்த்தார். "இன்னாத்துக்கு? வால்வு போய்டும்டா. நான் எவ்ளோ நாளு லைன்மேன் கையக் கால புடிச்சி கம்பி மாத்தச் சொல்லிக்கினு இருந்தேன் தெரியுமா" என்றார்.

மாசி முதல் வாரத்தில் பெட்டி போயிற்று. வாங்கியவர் ஒரு வெல்வெட் துணி கொண்டுவந்திருந்தார். ஜெர்மன் வால்வுகளைத் தனியாகக் கழற்றிப் பஞ்சில் வைத்தார். பங்குனியில் சித்தப்பாவுக்குக் காதுக் கருவி வந்தது. கடலைப் பருப்பு அளவு. அதற்குள்ளும் ஒரு சில்லு இருந்து, வரும் ஒலியை எண்ணாக்கி, அவருக்கு எந்தச் சுரங்கள் போயிற்றோ அவற்றைத் தூக்கி, உரத்ததை அமுக்கி, திரும்ப ஒலியாக்கிக் கொடுக்கிறது. வால்வுதான் உசத்தி என்று அவரிடம் போய் இனி யாரும் வாதாட முடியாது. அவர் கேட்பதெல்லாம் மாதிரி.

போன ஞாயிறு பையன் தன் சின்னப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தான். வள்ளூர் மாதிரியைப் போட்டு சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம். மர ஸ்பீக்கரில் இணைத்தான். கிடாரை எடுக்குமுன் சித்தப்பா ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"ஆன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் தாத்தா."

"சத்தமே காணோமே."

அதில் இரைச்சலை அடைக்கும் வசதி இருக்கிறது, வாசிக்காதபோது முழு மௌனம் என்று அவன் விளக்கினான். சித்தப்பா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கையை நீட்டி கிடார் வயரின் நுனியை வாங்கினார். முப்பத்தைந்து வருஷம் ஒவ்வொரு பந்தலிலும் மைக் மாட்டுமுன் செய்த மாதிரி கட்டைவிரலால் அதன் முனையைத் தொட்டார். ஸ்பீக்கர் 'பர்ர்' என்றது. விரலை எடுத்தார், நின்றது. மறுபடி தொட்டார்.

"சரி, வாசி" என்றார்.